கோவிந்தின், கோவின்டென், கோவெண்டர்: எந்த வாசலில் போய்க் கேட்பது?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் சேன்த்-ஆந்த்ரேயில் தெரிந்தவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரீயூனியன்காரர், பெண் மொரீஷியஸ். இரண்டு தீவுக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் கடல், விமானத்தில் முக்கால் மணி நேரம். மேசையில் பெண்ணின் பிறப்புச் சான்று கிடந்தது. மொரீஷியஸ் அரசு ஆங்கிலத்தில் கொடுத்தது. அதோடு ஒரு சதுரக் கட்டம் சேர்த்திருந்தது, பக்கத்துக்கு 9 சென்டிமீட்டர். உள்ளே எண் போட்ட பத்து வரிகள்: எந்த நாடு, யார் கையெழுத்து, என்ன பதவி, யார் முத்திரை, எந்த ஊர், எந்தத் தேதி, இப்படி. அதுதான் அப்போஸ்டில், ஒரு நாட்டுக் காகிதத்திலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று இன்னொரு நாட்டுக்குச் சொல்லும் சான்று. அந்தச் சதுரத்துக்காகப் பெண் வீட்டார் போர்ட் லூயிஸில் அலைந்திருக்கிறார்கள்.

மேரியில், அதாவது நகராட்சியில் (புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல), சதுரத்தைப் பார்த்ததும் பதிவுப் பிரிவு அம்மாள் திருப்தியாகத் தலையாட்டியிருக்கிறார். சிக்கல் வேறிடத்தில் வந்தது. பெண்ணின் தாயார் பெயரை லட்சுமி என்று வைத்துக்கொள்வோம். மகளின் பிறப்புச் சான்றில் அது ‘லட்ச்மீ’. தாயாரின் அடையாள அட்டையிலோ ‘லக்ஷ்மி’. விண்ணப்பத்தில் அட்டையைப் பார்த்து எழுதிவிட்டார்கள். “இது ஒருவரா, இரண்டு பேரா?” என்று கேள்வி. தாயார் நேரிலேயே நின்றுகொண்டு கிரியோலில் “நான்தான், நான்தான்” என்று சொல்லியும் நடக்கவில்லை. ஒரே ஆள்தான் என்று மொரீஷியஸிலிருந்து உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், அதற்கு இன்னொரு சதுரம், அப்புறம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. வெளிநாட்டுப் பிறப்புச் சான்று கொடுத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது பிரெஞ்சுத் திருமண விதி. பத்திரம் வருவதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தார்கள்.

நான் காரைக்காலில் பிறந்தவன். இந்தத் தீவில் முப்பது வருடமாகத் தமிழ்க் காகிதங்களைப் பிரெஞ்சில் மாற்றிக் கொடுக்கிறேன். அன்றைக்கு நான் பார்த்தது நூறாவது தடவையாகப் பார்ப்பதுதான். முத்திரைக்கு உலக அளவில் ஏற்பாடு இருக்கிறது. பெயருக்கு இல்லை.

இப்போது இங்கே நாலைந்து தமிழ்ச் சங்கத்தார் சேர்ந்து, இந்தப் பெயர்ச் சிக்கலுக்கு வழி கேட்டு ஒரு மனு எழுதலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியும் குடிமைப் பதிவுச் சட்டம் தெரிந்த அதிகாரிகளும் பேராசிரியர்களும் நாடுகளைத் தாண்டிக் கூடிப் பேசும் அவைகள் சில இருக்கின்றன. அவற்றில் எதை அணுகுவது என்பதுதான் கேள்வி. ஒருவர் ஹேக் என்கிறார், ஒருவர் ஸ்ட்ராஸ்பூர் என்கிறார், ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு என்று ஒருவர், பக்கத்திலேயே மொரீஷியஸின் எபேனில் இந்தியப் பெருங்கடல் ஆணையம் இருக்கிறதே என்று இன்னொருவர். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் நம் சிக்கல் என்ன என்று தெளிவாக வேண்டும். கோவிந்தன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ரீயூனியனில் இறங்கிய கோவிந்தனின் பிள்ளைகளுக்கு ‘கோவிந்தின்’ குடும்பப் பெயரானது. மொரீஷியஸில் இறங்கியவருக்குக் ‘கோவின்டென்’. டர்பனில் ‘கோவெண்டர்’. ஒரே ஊரிலிருந்து ஒரே வருடத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் கப்பல் ஏறியிருந்தாலும் பேரப்பிள்ளைகள் காகிதத்தில் மூன்று குலம். அன்றைய எழுத்தர் காதில் விழுந்ததைத் தன் மொழிக் கூட்டலில் எழுதினார், அவ்வளவுதான். லட்சுமணன் இங்கே ‘லச்சுமனின்’ ஆனார். ஆறுமுகமும் கருப்பனும் மொரீஷியஸில் ‘ஆர்மூகம்’, ‘குர்பென்’. தகப்பன் பெயரை முன்னால் வைத்துச் சொந்தப் பெயரைப் பின்னால் சொல்லும் நம் வழக்கம் எந்தப் பதிவேட்டின் கட்டத்திலும் அடங்கவில்லை. அதனால் முதலில் வந்தவரின் சொந்தப் பெயரே தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

அதோடு ரீயூனியனில் இன்னொன்று. பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியின் 11-ஆம் ஆண்டு, நம் கணக்கில் 1803 ஏப்ரல் 1-இல் வந்த சட்டம், பிள்ளைக்குப் புனிதர் நாட்காட்டியிலோ பழைய வரலாற்றிலோ உள்ள பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றது. காகிதத்துக்கு ழான், மரீ. வீட்டுக்கு முருகன், மாரியாயி. பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கலாம் என்று முழுச் சுதந்திரம் வந்தது 1993 ஜனவரி 8-ஆம் தேதிச் சட்டத்தில்தான். அதற்கு முன் பிறந்த எத்தனையோ பெரியவர்களுக்குக் கோயிலில் அர்ச்சனை ஒரு பெயரில், ஓய்வூதியம் வேறு பெயரில்.

பெயர் ஓர் எழுத்து மாறினால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டையைக் காட்டுவேன். மொரீஷியஸ்காரர்களில் ஏழாம் தலைமுறைக்கும் அந்த அட்டை உண்டு என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கே போயிருந்தபோது அறிவித்தார். நல்ல சேதி. ஆனால் ஏழு தலைமுறை என்றால் ஏழு கண்ணி. ஒவ்வொரு கண்ணியிலும் தகப்பன் பெயரும் மகன் காகிதத்திலுள்ள தகப்பன் பெயரும் ஒத்துப் போக வேண்டும். மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் குடியேறியவரின் எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல் என்று எல்லாம் அழகாக இருக்கிறது. அங்கே தொடங்கும் சங்கிலி நடுவில் ஒரு ‘டென்’னிலோ ஒரு ‘தின்’னிலோ அறுந்துவிடுகிறது.

சரி, ஹேக்கிலிருந்து தொடங்குவோம். 1961 அக்டோபர் 5-ஆம் தேதி ஒப்பந்தம் அங்கே உருவானது, 1965 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் ஒரு சான்று நாடு தாண்ட வேண்டுமென்றால் வெளியுறவுத் துறை, தூதரகம் என்று முத்திரை மேல் முத்திரை. ஒப்பந்தம் அதையெல்லாம் ஒரே சதுரமாகச் சுருக்கியது. பிரான்ஸ் முதல் நாளிலிருந்தே உள்ளே. மொரீஷியஸ் விடுதலை பெற்ற 1968 மார்ச் 12 முதல் கணக்கு. தென்னாப்பிரிக்கா 1995-இல், இந்தியா 2005-இல். நம் மக்கள் சிதறிக் கிடக்கும் இடங்களில் பர்மா போன்ற சில வெளியே நிற்கின்றன. மற்றபடி நாம் எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஒரே இடம் இதுதான், அதனால்தான் சங்கத்தில் பலருக்கு இதன் மேல் கண். 2006-இலிருந்து மின்னணு அப்போஸ்டில் திட்டமும் நடக்கிறது. சதுரத்திலுள்ள எண்ணை இணையத்தில் தட்டினால் அது உண்மையானதா என்று உடனே தெரியும்படி பல நாடுகள் பதிவேடு திறந்திருக்கின்றன. வல்லுநர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை கூடி நடைமுறையைச் சீர்தூக்குகிறார்கள்.

ஆனால் ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தால் போதும். கையெழுத்து உண்மை, போட்டவரின் பதவி உண்மை, முத்திரை உண்மை. இந்த மூன்றுக்கு மேல் அந்தச் சதுரம் எதுவும் சொல்வதில்லை. மேலே எழுதியிருக்கும் செய்தி சரியா, பெயர் சரியா என்பது அதன் வேலையே இல்லை. ‘லட்ச்மீ’யும் ‘லக்ஷ்மி’யும் ஒருவரா என்று கேட்டால் அது வாய் திறக்காது. அங்கே போய் நம் மனுவைக் கொடுத்தால் மரியாதையாக வாங்கி, இது எங்கள் எல்லைக்கு வெளியே என்று சொல்லி அனுப்புவார்கள். ஹேக்கை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மனு அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

ஸ்ட்ராஸ்பூர் கதை வேறு, கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான பேர் ஊர் மாறிக் கிடந்தார்கள். பிறந்தது ஒரு நாடு, கட்டிக்கொண்டது ஒரு நாடு, செத்தது இன்னொரு நாடு. பெல்ஜியம், பிரான்ஸ், லக்சம்பர்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து என்று ஐந்து அண்டை நாடுகளின் பதிவுச் சட்ட வல்லுநர்கள் 1948-இல் கூடிப் பேசத் தொடங்கினார்கள். 1950 செப்டம்பரில் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அதற்கு அரசு அங்கீகாரம் கொடுத்தது. அதுதான் நாங்கள் ஸ்ட்ராஸ்பூர் என்று சொல்லும் பன்னாட்டுக் குடிமைநிலை ஆணையம். பெரிய மேடைப் பேச்சு எதுவும் இல்லை. பதிவாளர்களும் நீதித்துறை அதிகாரிகளும் பேராசிரியர்களும் உட்கார்ந்து, ஒரு சான்றின் எந்தக் கட்டத்தில் எது வர வேண்டும் என்று மல்லுக்கட்டிய இடம். அப்படி 34 ஒப்பந்தங்கள் வந்திருக்கின்றன.

அவற்றில் நமக்கு முக்கியம் 16-ஆவது, 1976-இல் வியன்னாவில் கையெழுத்தானது. பன்மொழிச் சான்று என்று இதைச் சொல்லலாம். நம் தீவின் மேரிகளிலேயே கேட்டால் கொடுப்பார்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டங்களின் தலைப்பு எல்லாம் பல மொழிகளில் முன்கூட்டியே அச்சடித்தது. தேதி வெறும் எண்ணில்: நாளுக்கு ‘ழோ’, மாதத்துக்கு ‘மோ’, ஆண்டுக்கு ‘ஆன்’ என்று தலைப்புக் குறி. கல்யாணம் ‘மார்’, மணமுறிவு ‘டிவ்’, மரணத்துக்கு ஒற்றை எழுத்து. மொழிபெயர்க்க அதில் எதுவும் மிச்சமில்லை, என் தொழிலுக்கு அதனால் நஷ்டம் என்றாலும் எனக்கு அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம். அது மட்டுமா, சேர்ந்த நாடுகளுக்குள் அதற்கு அப்போஸ்டிலே வேண்டாம். அன்று அந்தச் சமையலறையில் இந்தத் தாள் இருந்திருந்தால் போர்ட் லூயிஸ் அலைச்சலும் மொழிபெயர்ப்புச் செலவும் இல்லை.

பெயர் பற்றியும் ஆணையம் யோசித்திருக்கிறது. 1973-இல் பெர்னில் வந்த 14-ஆவது ஒப்பந்தத்தின் அடிப்படை ரொம்ப எளிது: இரண்டு நாடும் ஒரே வரிவடிவத்தில் எழுதுகின்றன என்றால், மூலச் சான்றிலுள்ள பெயரை எழுத்து பிசகாமல் அப்படியே எடுத்து எழுத வேண்டும், மொழிபெயர்க்கவோ திருத்தவோ கூடாது. வரிவடிவம் வேறு என்றால் பன்னாட்டுத் தர அமைப்பின் எழுத்துமாற்ற முறையைப் பின்பற்ற வேண்டும்.

இந்த இரண்டாம் பகுதியில்தான் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டார். கிறிஸ்டோஸ் கான்ஸ்டான்டினிடிஸ் என்ற கிரேக்கர், ஜெர்மனியில் உடல் பிடித்துவிடும் தொழில் செய்தவர். திருமணப் பதிவில் அவர் பெயரை இந்த விதிப்படி கிரேக்க எழுத்திலிருந்து மாற்றினார்கள். ‘ஹ்ரேஸ்டோஸ்’ என்று தொடங்கும் ஒரு பெயர் வந்தது. அவராலேயே அதைத் தன் பெயர் என்று சொல்ல முடியவில்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அந்த எழுத்துக்கூட்டல் உச்சரிப்பையே திரித்து, வாடிக்கையாளர் அவரை வேறு ஆள் என்று நினைக்கும் அளவுக்குப் போனால், அதை ஏற்கும்படி அவரைக் கட்டாயப்படுத்துவது தொழில் செய்யும் உரிமைக்குத் தடை என்று 1993 மார்ச் 30-இல் தீர்ப்பு வந்தது.

நமக்கு இது பாடம். தமிழுக்கும் சேர்த்து 2001-இல் அப்படியொரு எழுத்துமாற்றத் தரம் இருக்கிறது. அறிஞர்களுக்கு அருமையானது. ஆனால் தமிழில் ‘த’ ஒரே எழுத்து என்பதால், மெலிந்து ஒலிக்கும் இடத்திலும் அதற்கு அதே வல்லெழுத்தைத்தான் போடுவார்கள். ‘கோ’வின் தலையில் ஒரு கோடு, ‘ன்’னின் காலடியில் ஒரு கோடு வேறு. அப்படி எழுதிய கோவிந்தனைப் பார்த்தால் சேன்த்-ஆந்த்ரேயில் ஒரு கோவிந்தினுக்கும் அது தன் தாத்தா பெயர் என்று தெரியாது. ஆகவே மனுவில் நாம் கேட்க வேண்டியது முதல் பகுதி: லத்தீன் எழுத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயரை அப்படியே எடுத்து எழுதுங்கள். எழுத்துமாற்றத்தை இந்தியாவிலிருந்து தமிழில் மட்டும் வரும் பழைய காகிதங்களோடு நிறுத்திக்கொள்ளலாம், அதிலும் குடும்பம் வழக்கமாக எழுதும் கூட்டலையே முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ராஸ்பூரில் குறை இல்லையா? உண்டு. அது ஐரோப்பிய வீடு. சமீப ஆண்டுகளில் சில நாடுகள் ஆணையத்திலிருந்து விலகிவிட்டன, பழைய வேகம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2019 பிப்ரவரி 16 முதல் தனக்கென ஒரு விதியை நடத்துகிறது. ஒன்றிய நாடுகளுக்குள் பிறப்பு, திருமணச் சான்றுக்கு அப்போஸ்டில் கேட்கக் கூடாது, பன்மொழிப் படிவம் உண்டு. ரீயூனியன் பிரெஞ்சு மண் என்பதால் அந்த வசதி நமக்கும் உண்டு. போர்ச்சுகலிலிருந்து வரும் சான்று மேரியில் சுலபமாகப் போய்விடும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மொரீஷியஸிலிருந்து வருவதற்குத்தான் இத்தனை பாடு.

ஆனாலும் 16-ஆவது ஒப்பந்தத்தின் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்: கேப் வெர்டே. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் தீவு நாடு. வெளிநாட்டில் பிழைக்கப் போன பிள்ளைகள் ஏராளம் அவர்களுக்கு. அவர்கள் சேர முடிந்தது என்றால் மொரீஷியஸ் சேர முடியாதா?

ஆப்பிரிக்கக் கூட்டமைப்பைப் பற்றி மரியாதையோடு சொல்ல வேண்டும். குடிமைப் பதிவுக்குப் பொறுப்பான ஆப்பிரிக்க அமைச்சர்கள் 2010-இல் அடிஸ் அபாபாவில் முதல் தடவை கூடினார்கள், 2012-இல் டர்பனில் இரண்டாவது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பதிவாக வேண்டும், இறக்கும் ஒவ்வொருவரும் கணக்கில் வர வேண்டும் என்பது அவர்கள் கவலை. பதிவே இல்லாத குழந்தை கோடிக்கணக்கில் இருக்கும் கண்டத்தில் அதுதான் முதல் வேலை. அங்கே போய், எங்கள் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று நிற்க எனக்கு மனம் வரவில்லை. மேலும் ரீயூனியன் அங்கே இல்லை. மொரீஷியஸும் தென்னாப்பிரிக்காவும் இருக்கும் அவையில் நாம் விருந்தாளி கூட இல்லை.

ஆனால் டர்பன் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. அவர்களின் பிள்ளைகள் கோயிலில் தாலி கட்டிக் குடும்பம் நடத்தினார்கள். 1913 மார்ச் 14-ஆம் தேதி கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சீர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாளரிடம் பதியாத திருமணம் சட்டப்படி திருமணமல்ல என்று தீர்ப்புச் சொன்னார். ஒரே நாளில் தாலி கட்டிய மனைவிகள் காகிதத்தில் மனைவி இல்லை, பிள்ளைகள் வாரிசு இல்லை. காந்தியின் போராட்டத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கியதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். ஜோகன்னஸ்பர்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில்தான் சிறை போனார், 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்தார். அதே வருடம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தத் திருமணங்களைப் பதிய வழி செய்தது. பதிவேட்டில் ஒரு வரிக்காக நம் வீட்டுப் பெண் உயிரைக் கொடுத்திருக்கிறாள். இதையெல்லாம் வெறும் ஆபீஸ் வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பர்மாவை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது கஷ்டம். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அது இல்லை என்பதால் அங்கிருந்து வரும் சான்றுக்குப் பழைய வழிதான்: வெளியுறவு அமைச்சகம், அப்புறம் தூதரகம். அங்கே குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது, நம் ஆட்கள் பலருக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, பர்மியப் பெயர் ஒன்று. 1964-இல் கடைகள் நாட்டுடைமையான பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் கையில் கொண்டுவந்த காகிதத்தில் எந்தப் பெயர் இருந்ததோ அதுவே நிலைத்தது. மனு நல்லபடியாக முடிந்தால் அவர்களுக்கும் ஒரு முன்மாதிரியாக இருக்கும். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

இனி எபேன். மொரீஷியஸில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் ஆணையம். 1982-இல் மொரீஷியஸ், மடகாஸ்கர், சீஷெல்ஸ் மூன்றும் சேர்ந்து தொடங்கியது. 1986-இல் கொமொரோஸும், ரீயூனியனுக்காகப் பிரான்ஸும் சேர்ந்தன. மீன்பிடி, புயல், சுகாதாரம், கடல் பாதுகாப்பு இதெல்லாம்தான் அதன் வழக்கமான வேலை. பிறப்பு, இறப்புப் பதிவில் அதற்குப் பெரிய அனுபவம் இல்லை. தென்னாப்பிரிக்கா இல்லை, இந்தியாவும் உறுப்பினர் இல்லை. இதை முதலில் கேட்டபோது நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

பிறகு யோசித்துப் பார்த்து மனம் மாறினேன். அந்த ஐந்து இடத்திலும் பதிவுச் சட்டத்தின் வேர் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம். மொரீஷியஸில் ஆட்சி ஆங்கிலேயருக்குப் போன பிறகும் நெப்போலியன் காலச் சட்டம் போகவில்லை. சீஷெல்ஸிலும் அதே வேர். பிறப்புப் பதிவை ஒருவரின் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் ஏடாகப் பார்க்கும் மரபு இது. கல்யாணம் ஆனால் ஓரத்தில் ஒரு குறிப்பு, மணமுறிவுக்கு இன்னொன்று. ஆங்கில வழி நாட்டில் பிறப்புச் சான்று அந்த நாளைய படம் மட்டும், பிறகு அதில் எதுவும் ஏறாது. நம் மேரிக்காரர் தென்னாப்பிரிக்கச் சான்றைப் பார்த்து, ஓரத்தில் ஏன் எதுவும் இல்லை என்று சந்தேகப்படுவது இதனால்தான். ஒரே சட்டமொழி பேசும் ஐந்து பதிவாளர்கள் ஒரு அறையில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மொரீஷியஸ், ரீயூனியன், சீஷெல்ஸ் மூன்றிலும் நம் ஆட்களுக்கும் குறைவில்லை. சீஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் வாசலில் ஒரு நாள் நின்றாலே தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளிநாட்டு விவகாரம் பாரிஸ் கையில்தான். நம் மேயர்கூடக் குடிமைப் பதிவு விஷயத்தில் அரசு வழக்கறிஞரின் மேற்பார்வையில் வேலை செய்பவர். ஆனால் கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகள் தங்கள் அண்டை நாடுகளோடு தாங்களே பேசிக்கொள்ள 2016 டிசம்பர் 5-ஆம் தேதிச் சட்டம் வழியைக் கொஞ்சம் அகலமாக்கியது. மார்ட்டினிக் தீவின் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் செர்ஜ் லெச்சிமி கொண்டுவந்ததால் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் காதுக்கு லட்சுமி என்றே கேட்கும்.

என் முடிவு இது. மனு எபேனுக்குப் போகட்டும், அதன் உள்ளே இருக்கும் சரக்கு ஸ்ட்ராஸ்பூருடையதாக இருக்கட்டும். புது ஒப்பந்தம் எழுதுங்கள் என்று கேட்கவே கூடாது. அது எழுதி, கையெழுத்தாகி, நாடாளுமன்றம் தாண்டி வர ஒரு தலைமுறை ஆகிவிடும். கேட்க வேண்டியது ஐந்து இடத்துப் பதிவாளர்களும் இரண்டு மூன்று சட்டப் பேராசிரியர்களும் உட்காரும் ஒரு சின்னக் குழு. தென்னாப்பிரிக்காவையும் இந்தியாவையும் பார்வையாளராகக் கூப்பிடலாம். அந்தக் குழு முதலில் மொரீஷியஸும் மற்றவர்களும் 16-ஆவது ஒப்பந்தத்தில் சேர என்ன தடை என்று பார்க்க வேண்டும். அடுத்து, பெயரை எழுத்து மாறாமல் எடுத்தெழுதும் விதியை ஒரு சுற்றறிக்கையாகவே எல்லா மேரிகளுக்கும் பதிவகங்களுக்கும் அனுப்பலாம். அதற்கு ஒப்பந்தம்கூட வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிது. பன்மொழித் தாளில் மற்றக் குறிப்புகளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. ஒருவரின் பெயருக்குக் குடும்பத்தின் வேறு காகிதங்களில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தால், பதிவாளர் ஒரு தடவை சரிபார்த்து அங்கே எழுதிவிடலாம்: ‘லட்ச்மீ’, ‘லக்ஷ்மி’, ஒருவரே. ஒரு தடவை எழுதினால் அவர் பிள்ளைக்கும் பேரனுக்கும் அது போதும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும், ஒவ்வொரு சொத்துப் பிரிவினைக்கும், ஒவ்வொரு இந்தியத் தூதரக வரிசையிலும் புதிதாகச் சத்தியம் செய்துகொண்டிருக்க வேண்டாம்.

சங்கத்தில் இதற்கு ஒரு மறுப்பு வந்தது. ஐந்து நாட்டில் ஒரு நாடு சம்மதிக்காவிட்டால் எல்லாம் நின்றுவிடுமே, நேராகப் பிரான்ஸும் மொரீஷியஸும் மட்டும் பேசி முடித்துக்கொண்டால் என்ன என்று. நியாயமான கேள்வி. இரண்டு நாடு பேசினால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் பாரிஸிலிருந்து பார்த்தால் ஒரு தீவின் எழுத்துக்கூட்டல் சின்ன விஷயம், வரிசையில் கடைசியில் நிற்கும். எபேனில் அப்படியில்லை, கொமொரோஸுக்கும் மடகாஸ்கருக்கும் ரீயூனியனோடு காகிதப் பிரச்சினை நம்மைவிட அதிகம். அவர்கள் குரலும் சேர்ந்தால்தான் நம் குரல் கேட்கும். இரண்டு நாட்டு வழியைக் கையில் வைத்துக்கொள்ளலாம், குழு ஒரு வருடத்தில் கூடவில்லை என்றால் அதை எடுக்கலாம்.

அதுவரை கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு: விண்ணப்பத்தில் பெற்றோர் பெயரை அடையாள அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு புள்ளி மாறாமல் எழுதுங்கள். கூட்டல் வித்தியாசம் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் உறுதிமொழிப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றையும் ஒரே நாளில் அப்போஸ்டிலுக்குக் கொடுத்துவிடுங்கள், ஆறு மாதக் கணக்கு உங்களைத் துரத்தாது. ஐரோப்பாவுக்குள் போகிற காகிதம் என்றால் மேரியில் பன்மொழித் தாளைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள்.

அந்தக் கல்யாணம் நடந்துவிட்டது. பத்திரம் வந்து சேர்ந்தபோது ஆறு மாதம் முடியப் பதினோரு நாள் பாக்கி. திருமணப் பதிவில் தாயார் பெயர் ‘லட்ச்மீ’ என்றே ஏறியது, அவர் கையெழுத்துப் போட்டது ‘லக்ஷ்மி’ என்று. மனுவோடு இணைக்க அந்தப் பக்கத்தின் நகலைப் பெயர் மறைத்துக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். இப்படி இரண்டு கூட்டல் உள்ள காகிதம் உங்கள் வீட்டிலும் இருந்தால், அதையும் ஒரு நகல் எடுத்துப் பக்கத்துச் சங்கத்தில் கொடுங்கள். இருபது முப்பது சேர்ந்தாலே குழுவின் முன்னால் வைக்கப் போதும்.